உள்ளங்கைச் சூடு

ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் என் அப்பாவிடம் பேச்சுக் கொடுக்கிறார் சிஸ்டர். "என்னங்க பெரியவரே, வெளிக்குப் போச்சா?" மற்றவர்கள் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள், இவருக்கு இதுதான் வணக்கம். கடைத்தெருவில் மாமனாரோடு நின்ற புது மாப்பிள்ளையிடமும் கேட்டு வைத்தார். பாவம், அந்த மனிதர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வட்டம் சூடேறிய பிறகுதான் அப்பாவின் மார்புக்குப் போகும். "சில்லுனு வச்சா நெஞ்சு திடுக்குனு பொய் சொல்லிடும்" என்பார்.

எங்கள் மலைச்சரிவில் மூடுபனி அதிகம். வீடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருக்கும்போது, தோளில் பையோடு இவர் மட்டும் மெல்ல உருவாகி வருவார். கனவில் நடப்பவரைப் போன்ற நடை. கனவென்ன, பாதித் தூக்கம்தான். பிரசவம், புண்ணுக்குக் கட்டு, சர்க்கரை ஊசி என்று இத்தனை வீடுகளுக்கும் இவர் ஒருவரே. ஒருமுறை அப்பாவின் நாடியைப் பிடித்தபடியே நாற்காலியில் உறங்கிவிட்டார். விரல்கள் மட்டும் பிடியை விடவில்லை. "எழுப்பாதடா, பாவம்" என்று கிசுகிசுத்துவிட்டு, அவர் விழிக்கும்வரை அப்பா கையை அசைக்காமல் கிடந்தார்.

சிஸ்டர் மேலிடத்தில் கேட்டது ஒன்றே ஒன்று, விடுப்பு. நகரத்தில் மகளுக்குத் தலைப்பிரசவம். "ஊர்ப் பிள்ளையெல்லாம் உன் கையில பொறக்குது. என் பிள்ளை மட்டும் யார் கையிலயோவாம்மா?" என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். "மாத்து ஆள் வந்ததும் தாராளமா போங்க" என்றார்கள் மேலிடத்தில். வாய்ப்பந்தல் போட என்ன செலவு! மாற்று ஆளும் வந்தாள். தங்க வேண்டிய அறையின் ஒழுகும் கூரையைப் பார்த்தாள், பனியில் கண்ணுக்குத் தெரியாத பாதையைப் பார்த்தாள், வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டாள். நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். சிஸ்டரோ, "சின்னப் பொண்ணு, பயந்துடுச்சு. நானும் மொத நாள் அழுதவதான்" என்றார்.

"நீங்க கிளம்புங்க சிஸ்டர், நாங்க பாத்துக்கறோம்" என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிப் பார்த்தேன்.

"எதைப் பாத்துப்பீங்க? மேல் வீட்டுப் பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பிரஷர் வேற ஏறி ஏறி எறங்குது." கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதானே."



இன்று அப்பாவின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும் நேரத்தில் சிஸ்டருடைய போன் அடித்தது. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் கொஞ்சம் சிக்னல் எட்டிப் பார்க்கும். அங்கே ஓடினார். மருமகனின் குரல் விட்டு விட்டு வந்தது. "அத்தே... பொண்ணு... ரெண்டு பேரும் நல்லாருக்காங்க... இருங்க, பாப்பா அழறா, கேளுங்க..."

பிறகு ஒரே இரைச்சல். அதற்கு அடியில் நூலிழையாக ஏதோ ஒன்று.

"கேக்கலியே... ஐயோ, சரியாக் கேக்கலியே..." சிஸ்டரின் முகம் கோணிக்கொண்டு வந்தது. வெளியே பனி ஜன்னலை முழுதாக மூடியிருந்தது.

கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். வட்டத்தை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தினார். சூடேறட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார். பிறகு அதை, மெல்ல, போனின் மேல் வைத்தார்.