மாமா எந்தப் போரில் செத்தார்?

எழுபதுகளின் நடுவில், ஆஸ்திரேலியாவில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை மகள் நீலக் கடுதாசியில் எனக்கொரு வேலை கொடுத்தாள். அவள் தெருவில் எல்லோரும் பூர்வீகம் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய திருடன் எவனாவது பாட்டனாராகக் கிடைத்துவிட்டால், அவன் பேரைப் பெருமையாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்களாம். ‘நமக்குக் கைதி இல்லை. யுத்தத்தில் உயிர்விட்ட அப்பாவாவது இருக்கிறாரே! எந்தப் படை, எங்கே புதைத்தார்கள், விசாரித்து எழுது’ என்றிருந்தாள்.

தாம்பரத்தில் தொற்றி ஏறி பீச்சில் கசங்கி இறங்குகிற குமாஸ்தாவுக்கு இது ஒன்றுதான் குறைச்சல். பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். மாமாவின் பட்டாள நம்பரைக் கேட்டார்கள். எங்களோடு இருந்த அத்தையைக் கேட்டால், “எனக்கென்னடா தெரியும்” என்று ஜெபமாலையை எடுத்துக்கொள்வாள். பழைய டிரங்குப் பெட்டியை நானே குடைந்து நம்பரைக் கண்டுபிடித்தேன். அப்புறம் சொந்த ஊர், தகப்பனார் பெயர், சேர்ந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒன்றரை வருஷம் என் பிராணனை வாங்கினார்கள்.

கடைசியில் பதில் வந்தது. மாமா எந்தப் போரிலும் சாகவில்லை. பட்டாளத்து பெட்ரோலை விற்றுப் பிடிபட்டு, ஜெயிலில் இருந்து, வெளியே வந்திருக்கிறார். விடுதலையானபோது கொடுத்த விலாசம் கூடுவாஞ்சேரி. எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்.

வந்த ஆத்திரத்தில் காகிதத்தை அத்தை முன்னால் போட்டேன். முப்பது வருஷமாக வெள்ளைப் புடவை. கல்லறைத் திருநாள் தவறாமல் அவர் ஆத்துமத்துக்குப் பூசை. சாமியார் பேரை வாசித்ததும் குடும்பமே வரிசையாக முழங்காலில். அத்தனையும் உயிரோடு இருந்த மனுஷனுக்கு!

“தெரியும்டா” என்றாள் அத்தை. “போன வருஷந்தான் செத்துப்போனாரு. திருடன் பொண்ணுன்னா அவள எவன் கட்டுவான்? அவ கல்யாணத்தன்னிக்கு மட்டும் கோவில்ல கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துட்டுப் போனாரு. அவளுக்கு எழுதிடாதடா.”

“எழுதினா சந்தோஷந்தான் படுவா” என்று எரிந்து விழுந்தேன். “அந்த ஊர்ல கைதி வீட்டுப் பிள்ளைன்னா கௌரவமாம்.”

அத்தை நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். மகளுடைய நீலக் கடுதாசியை எடுத்து வாசித்தே காட்டினேன்.

“அவ போற ஊரு இப்படின்னு யாராவது சொல்லியிருந்தா, ஏரோப்ளேன் ஏர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அவர ‘அப்பா’ன்னு கூப்பிட வச்சிருப்பேனேடா” என்று அழுதாள்.