தொப்பிக்காரனுக்கு நான் கொடுத்த வேலை

படத்தை வாயால் வாசித்துக் காட்டுவது மாதிரி கேடுகெட்ட பிழைப்பு வேறு கிடையாது. சேதியை வாசித்தால் கேட்கிறவன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். படத்தைச் சொன்னால் "அப்புறம்?" என்பான். உங்களில் யாராவது கோப்பிக் கடையில் பேப்பர் வாசித்துச் சோறு தின்றிருந்தால் என் கஷ்டம் புரியும்.

ஏழாம் வகுப்போடு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை விட்டேன். ரப்பர் விலை விழுந்து அப்பா சம்பளத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். அதுதான் காரணம், படிப்பு ஏறாமல் இல்லை. மலாயாவில் ரெங்கம் ஸ்டேஷனுக்கு எதிரே ராவுத்தர் கோப்பிக் கடையில் சேர்ந்தேன். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரும் இங்கிலீஷ் பேப்பரைத் தமிழில் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்களுக்குச் சேதி வேண்டாம். கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போட்டு வரைந்திருக்கும் வேடிக்கைப் படங்கள்தான் வேண்டும். அதெல்லாம் பயாஸ்கோப் மாதிரி வெள்ளைத் துணியில் ஓட வேண்டும் என்பது என் கட்சி. ஓட்டுவதற்கு ஆளில்லை, அதனால் நானே ஓடினேன்.

ஏணி

ஒரு தடியன் சுவருக்குச் சாயம் அடிக்கிறான். மூன்றாவது கட்டத்தில் ஏணி மேல் நிற்கிறான். நாலாவதில் சாய வாளிக்குள் தலை. நடுவில் விழுந்ததை வரையவே இல்லை. இதை ஓடும் படமாக எடுக்காவிட்டால் வேறு எதை எடுப்பது? "எப்படிடா விழுந்தான்?" என்று பின் பெஞ்சுக்காரர்கள் கத்தினார்கள். முக்காலியில் ஏறி விழுந்து காட்டினேன். முழங்கை வீங்கிப்போனது.

கடையே சிரித்தது. சின்னப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நாலு மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் இருபது வருஷமாகப் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். ஞாயிறு தவறாமல் நடந்தே வருவார். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்பு முறியல. ஆனா தம்பி, வேலை செய்யிறவன் விழுந்தா இவங்களுக்கெல்லாம் ஏன் இவ்வளவு சந்தோசம்?"

கழுதை

அடுத்தது மோட்டார் ஓட்டும் கழுதை. முன்னங்காலால் வளையத்தைத் திருப்பும், பின்னங்காலால் போலீஸ்காரனை உதைக்கும். இதை உட்கார்ந்த இடத்தில் எப்படிச் செய்து காட்டுவது? ஒரு நாள் ராவுத்தர் கண்ணாடி டம்ளர் மூன்று போய்விட்டது, அதைச் சொல்ல வேண்டாம்.

ஸ்டேஷன் திடலில் ஒரு படக்காரர் கூடாரம் போட்டிருந்தார். பெரிய படத்துக்கு முன்னால் எலிகள் மத்தளம் அடிக்கிற சித்திரப் படம் ஒன்று காட்டுவார். எலியை விட என் கழுதை நூறு பங்கு மேல் என்று பேப்பரோடு போனேன். துணியை மடித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூருக்கே திரும்பிப் போகிறாராம். பேப்பரைப் பார்த்தார், சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு சொன்னார்: "கழுதை நல்லாத்தான் ஓடும். பாக்குற சனத்துல பாதியை வேலை இல்லேன்னு ஊருக்குக் கப்பல் ஏத்திட்டானுங்களே, யாருக்குடா ஓட்டுறது?"

தொப்பிக்காரன்

இது வாரா வாரம் வரும் தொடர். கிழிந்த தொப்பி போட்ட ஒருத்தன் முதல் கட்டத்தில் வேலைக்குச் சேருவான். நாலாவது கட்டத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். வேலை மாறும், தள்ளுவது மாறாது. தொப்பி உருண்டு போகும், அவன் பின்னாலேயே ஓடுவான். ஓடும் படத்துக்கென்றே பிறந்தவன் அவன்தான் என்று கடையில் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அந்த வாரம் சின்னப்பன் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, ஊருக்கு அனுப்பப் போகிறவர்கள் பெயரைக் கணக்கெழுதும் கிராணி வாசித்திருந்தார். சின்னப்பன் பெயர் இன்னும் முடிவாகவில்லை. "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு, உன் பொஞ்சாதியைப் புல்லு வெட்டப் போட்டு ரெண்டு பேரையும் இங்கேயே வச்சுக்கலாம்" என்று கிராணி சொல்லியிருந்தாராம். பத்து வயதில் கப்பலேறியவர். நாகப்பட்டணத்தில் இறங்கினால் அவரைத் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவர் கோப்பியைத் தொடவில்லை. "தொப்பிக்காரனுக்கு இந்த வாரமாச்சும் வேலை நிலைச்சுதா தம்பி?" என்று கேட்டார். நாலாவது கட்டத்தில் வழக்கமான தள்ளுதான். எனக்குப் பொறுக்கவில்லை. "நிலைச்சிருச்சு அண்ணே! மொதலாளி வீட்டு வாசல்லயே மூணு நாள் நின்னான். நகரல. மொதலாளி மனசு இளகிருச்சு" என்றேன். கடையில் கைதட்டினார்கள். ராவுத்தர் பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "இல்லாததை வாசிக்கவாடா உனக்குச் சோறு போடுறேன்?"

மூன்றாம் நாள்

திங்கட்கிழமை சின்னப்பன் மரம் வெட்டப் போகவில்லை. துரை பங்களா கேட்டில் போய் நின்றார். செவ்வாயும் நின்றார். கிராணி வந்து கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். புதன்கிழமை காவல்காரன் பிடித்துத் தள்ளினான். துரை பட்டியலை வாங்கி, அவர் பெயரையும் அவர் மனைவி லெட்சுமி பெயரையும் தன் கையாலேயே எழுதினாராம். புல் வெட்டு வேலையும் போனது, குடியிருந்த லயத்து வீடும் போனது.

வெள்ளிக்கிழமை இருவரும் ஒரு தகரப் பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றார்கள். கடையை விட்டு ஓடினேன். "அண்ணே, அது நான் சொன்ன பொய். பேப்பர்ல அப்படி இல்ல" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லெட்சுமி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னப்பன் அண்ணன் பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தார். "தெரியும் தம்பி. எனக்கு எழுத்துதான் தெரியாது, படம் தெரியும். நாலாவது கட்டத்துல கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுறானுங்க. ஆனா பேப்பர்காரன் போட்டதை விட நீ சொன்னது நியாயமா இருந்துச்சு, அதான் போய் நின்னு பாத்தேன்."

ஓடும் படமாக எடுக்க வேண்டியவை பேப்பரில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, தொப்பிக்காரனை மட்டும் யாரும் சிரமப்பட்டு எடுக்க வேண்டாம், எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் அவன் தகரப் பெட்டியோடு வண்டி ஏறுவதைக் காசில்லாமலே பார்க்கலாம்.