அப்புசாமியின் ரத்தம்

காலையில் கண் விழித்ததும் அப்புசாமி காலை மடக்கி நீட்டிப் பார்ப்பதில்லை, கைப்பேசியைத் தேடுகிறார். முந்தின நாள் கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்தால்தான் தனக்கு அலுப்பா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். அதுவரை கட்டிலில் நடுநிலையாகப் படுத்திருப்பார்.

"ஏனுங்க, எந்திரிக்கலையா?" என்பார் மனைவி சௌந்திரம்.

"ரிப்போர்ட் வரட்டும், சொல்றேன்."

நாமக்கல்லுக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஐம்பது வயதில் ஓட ஆரம்பித்தவர். ஓட்டம் சுமார்தான். ஓடியபின் தேறுவதில்தான் உண்மையான ஈடுபாடு. ஏன் இத்தனை ஊசி என்று ஒருமுறை கேட்டேன். "கோழிக்கே ரத்தம் பாத்துத்தானுங்க மருந்து குடுக்கறோம். நான் என்ன கோழியிலும் கேவலமுங்களா?" என்றார்.

தசை நைந்தால் ரத்தத்தில் சி.கே. என்று ஒன்று ஏறுமாம். அது கூடினால் அவருக்கு ஓய்வு. மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் கூடினால் அவரிடம் யாரும் கரண்ட் பில் பற்றிப் பேசக் கூடாது. இரும்புச் சத்து குறைந்தால் முருங்கைக்கீரை. ஆய்வது சௌந்திரம்.

சென்ற மாதம் சேலத்தில் அரை மாரத்தான். பாதியை ஓடினார், மீதியை நடந்தார். மறுநாள் கொடுத்த ரத்தத்தில், இருநூறுக்குள் இருக்கவேண்டிய சி.கே. ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்று கீழே தடித்த எழுத்தில் இருந்ததை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "பெரிய ஓட்டக்காரங்களுக்குத்தான் இவ்வளவு ஏறுமுங்க" என்று என்னிடமும் சொன்னார்.

அன்று முதல் நொண்டினார். இளநீர், முட்டை வெள்ளை, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. கேஸ் சிலிண்டரைச் சௌந்திரம் தனியாக உருட்டிப் போனார்.

"காத்தால நல்லாத்தானுங்க நடந்தீங்க?"

"வெளிய தெரியாது. உள்ள நார்நாராக் கிழிஞ்சு கெடக்குது."

அந்த வாரக் கடைசியில் நான் அவர் வீட்டில் இருந்தபோதுதான் பரிசோதனைக் கூடத்திலிருந்து மோனிஷா என்ற பெண் அழைத்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மன்னிச்சுக்குங்க. அன்னிக்கு இன்னொரு அப்புசாமியும் ரத்தம் குடுத்திருந்தாருங்க. ரிப்போர்ட் மாறிப்போச்சு. உங்களுது நூத்தியெம்பதுதானுங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

அப்புசாமியின் முகம் விழுந்துவிட்டது. "நல்லாப் பாரும்மா. வெறும் நூத்தியெம்பதா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப அந்த ஆறாயிரம் யாருது?"

"எருமப்பட்டிப் பக்கம் தீவனக் கம்பெனியில லோடுமேனுங்க. வெயில்ல மக்காச்சோள மூட்டை எறக்கி, ஒண்ணுக்குக் கறுப்பாப் போவுதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த டெஸ்ட்டு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கறாருங்க."

கம்பெனியின் பெயரைக் கேட்டுக்கொண்டு அப்புசாமி எழுந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு காருக்கு விரைந்தபோது நொண்டுவதை மறந்திருந்தார்.

அந்த அப்புசாமி லாரி நிழலில் மூட்டைமேல் சாய்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க. அதான் வேலைக்கு வந்துட்டேனுங்க. வலி மட்டும் போவ மாட்டேங்குது. சரி, நமக்குத்தான் சோம்பேறித்தனமாட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

நம் அப்புசாமி கைத்தாங்கலாக அவரைக் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரும்வரை, "தண்ணி குடிங்க, இன்னும் கொஞ்சம் குடிங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"கிட்னி இன்னும் கெடலை. விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏற ஆரம்பித்தது. லோடுமேன் கண்ணை மூடிக் கிடந்தார். பக்கத்து ஸ்டூலில் நம்மவர், பரீட்சையில் தோற்ற பையனைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி இந்த ஊசிப் பக்கமே போகமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் ஊசியும் குப்பியுமாக வந்தார். "அப்புசாமி யாருங்க? ரத்தம் எடுக்கோணும்."

கட்டிலில் கிடந்த அப்புசாமி கண்ணைத் திறப்பதற்குள், ஸ்டூலில் இருந்த அப்புசாமி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டியிருந்தார்.