வலது தோளில் ஒரு பட்டை

மண்ணெண்ணெயில் அலசி, சோடா உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் காயப்போட்ட நாடாப் பட்டைக்கு ஒரு வாசனை உண்டு, ஈரச் சாக்கும் துருவும் சேர்ந்தாற்போல. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை லீவில், சேக்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில், அம்மாவின் சேலைகளுக்கும் தம்பியின் அரைக்கால் சட்டைகளுக்கும் நடுவே அந்தப் பச்சைப் பட்டைகள் நான்கு நாள் கொடியில் தொங்கின. எழுபதுகளின் தொடக்கம் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா, எருமை வாங்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என் அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பிட்டர். அவருடைய அப்பா காலம்வரை பருத்திப்பட்டு ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். அதில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர், முதன்முதலாகக் கார் வாங்கியவரும் அவர்தான். கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓய்வு பெற்று ஊருக்குப் போன அதிகாரி ஒருவர், இனி ஓடாது என்று வேப்பமரத்தடியில் கைவிட்டுப் போன வண்டி. வயதில் எனக்கு மூத்தது. உருண்டை மூக்கு, கனத்த கதவுகள், முன் சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பிரித்துப் பூட்டி நைனா ஓடவைத்தார். தெருவில் அதற்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்து வண்டிகளில் பெல்ட்டு கிடையாது. வேண்டுமென்று யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் சோதனை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் பட்டையால் தங்களைக் கட்டிக்கொண்டுதான் வண்டியில் உட்காருவார்கள் என்பதைத் தினமும் பார்த்தவர் நைனா. "பிரேக்கு போட்டா வண்டி நிக்கும், மனுஷன் நிக்க மாட்டான்" என்று அடிக்கடி சொல்வார். பழஞ்சாமான் ஏலம் எடுத்த ஒருவரிடமிருந்து கழித்துப்போட்ட பட்டைகளை வாங்கிவந்தார். உதவாது என்று கழித்த சாமானுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் பேச்சில் 'கண்டம்' என்று பெயர். அம்மாவுக்கோ கண்டம் என்றால் ஜாதகத்தில் இருப்பது, உயிருக்கு வருவது. "கண்டத்த எதுக்கு ஊட்டுக்குத் தூக்கினு வந்தீங்க?" என்று அவள் கேட்க, நைனா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது.

முதலில் இடுப்புக்கு மட்டும் என்றுதான் தொடங்கினார். சீட்டுக்குப் பின்னால் தரைத் தகட்டில் துளை போட்டு, போல்ட்டு பிய்த்துக்கொண்டு வராதபடி அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு கொடுத்து முடுக்கினார். கட்டிக்கொண்டு உட்கார்ந்து முன்னால் சாய்ந்து பார்த்தார். நெஞ்சு நேராகப் போய் ஸ்டீரிங்கில் முட்டியது. "இது பத்தாது, மேல்பாதி சும்மா கெடக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள தூணில் தோள் உயரத்தில் இன்னொரு துளை போட்டார். அங்கிருந்து ஒரு பட்டையை மார்பின் குறுக்கே இறக்கி இடுப்புக் கொக்கியில் மாட்டினார். ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் தூண் வலப்புறம் என்பதால், பட்டை வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வந்தது. அதில் யாருக்கு என்ன குறை தெரியப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டுச் சட்டைகூடப் போடாமல், ஈரத் தலையோடு பட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார். நான் அப்போது பெரிய வாயாடி. "வாயுள்ள புள்ள பொழச்சிக்கும்" என்று நைனாவே ஏற்றிவைத்த தைரியம். வெற்று மார்பின் குறுக்கே அந்தப் பட்டையைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நைனா, தாத்தா கருமாதியில பூணூல் போட்டுகினு குந்தினு இருந்தியே, அப்டியே கீது!"

எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பூணூல் வழக்கமில்லை. கல்யாணத்தன்று ஒருமுறை இடது தோளில் போடுவார்கள். அப்புறம், பெற்றவர்களுக்குக் கருமாதி செய்கிற அன்று, அதுவும் வலது தோளில். முந்தின வருஷம் ஏரிக்கரையில் நைனா அப்படி உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன், வேறொன்றுமில்லை.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அவுருங்க அத."

"இன்னாமே, கொழந்த ஏதோ வாய்க்கு வந்தத சொல்லிச்சி..."

"மொதல்ல அவுருங்க. சாவு காரியத்துல போடுறத சும்மா போட்டுக்குவாங்களா?"

மூன்று நாள் வீட்டில் சரியான பேச்சு இல்லை, சரியான சாப்பாடும் இல்லை. கடைசியில் அம்மாவே இறங்கிவந்தாள்: "இடுப்புல கட்டுறது அர்ணாக்கயிறு மாரி, அது இருக்கட்டும். தோள்ல வேணாம்." நைனாவும் விட்டுக்கொடுத்தார். "சரி, இடுப்பு எனக்கு, தோளு உனக்கு" என்று சிரித்துக்கொண்டே அந்தத் தோள் பட்டையைக் கழற்றி, அம்மா உட்காரும் இடப்பக்கத்துத் தூணில் மாட்டினார். அங்கே அது இடது தோளில் வந்தது. அம்மாவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. திருவேற்காட்டுக்கு ஒருமுறை, தண்டரைக்கு ஒருமுறை என்று அப்படியே போய்வந்தோம். கப்பலில் போகிறவர்கள் கட்டிப்போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று தெருவே கேலி செய்தது.

மழைக்காலம் பிறந்து சில நாள்தான் இருக்கும். பூந்தமல்லியில் பழைய டயர் ஒன்று விலைக்கு இருக்கிறதென்று நைனா காலையில் தனியாகக் கிளம்பினார். பருத்திப்பட்டைத் தாண்டினதும், முன்னால் போன செங்கல் லாரி ஒன்று கை காட்டாமல் நின்றுவிட்டது. ரோடு ஈரம். நைனா பிரேக் போட்டிருக்கிறார்; டயர் தேய்ந்த தடம் இருந்தது என்றார்கள்.

அவரோடு வேலை செய்த மாணிக்கம் மாமாதான் செய்தி கொண்டுவந்தார். அம்மாவை எப்படித் தேற்றுவதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இடுப்புக்குக் கீழ ஒரு கீறல் இல்ல அண்ணி. பெல்ட்டு அப்டியே புடிச்சினு கீது. நெஞ்சுதான் அண்ணி... ஸ்டீரிங்ல..."

அம்மா அழவில்லை. "தோள் பட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

"அது பக்கத்து சீட்டுல தொங்கினு கீது அண்ணி. ஒண்ணும் ஆவல."

கருமாதியன்று என் தம்பிக்கு ஆறு வயது. அவனுடைய சின்னத் தோளிலிருந்து பூணூல் நழுவி நழுவி விழ, காரியம் செய்துவைத்தவர் ஒவ்வொரு முறையும் எடுத்து வலது தோளிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்ன கெட்டது பலித்துவிடுகிற நாக்கைக் 'கருநாக்கு' என்பார்கள். நாக்கில் கறுப்பு மச்சம் இருக்குமாம். யாருமில்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் சொல் பலிக்கவில்லை, என் சொல்லைக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்பது வயதான பிறகே புரிந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. மச்சமே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால்கூட நான் எழுந்து நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

தோள் பட்டையை ஏன் கழற்றினார் என்று சொந்தக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். "நான்தான் வேணாம்னேன்" என்றாள் அம்மா. அத்தைகள் அதை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினார்கள். கல்யாண வீட்டில் ஒதுக்கினார்கள். அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சாலையில் செங்கல் லாரிகள் இல்லை. சூளைகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பெல்ட்டு போடாவிட்டால் காரே மணியடித்துத் திட்டுகிறது. போன வருஷம் என் மகன் ஓட்ட, அம்மா முன் சீட்டில், நான் பின்னால். மகனின் வலது தோளில் பட்டை குறுக்கே கிடந்தது. பருத்திப்பட்டு வந்ததும் ஐம்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கி நான் கருமாதி பூணூல் மாரி கீதுன்னு சொன்னனே, ஞாபகம் கீதா?"

அவள் திரும்பவில்லை. "நீ எப்ப சொன்ன? நீ தூங்கினு இருந்த. நான்தான் சொன்னேன்."

"இல்லம்மா..."

"தூங்கினு இருந்தடி நீ."

"என்ன பூணூல் பாட்டி?" என்றான் மகன். "ஒண்ணுமில்ல, நீ ரோட்டப் பாரு" என்றாள்.

இந்தப் பொங்கலுக்கு முன் அம்மா போய்விட்டாள். தம்பிக்கு அந்தக் காலை நினைவில் இல்லை. அவள் சொன்னபடியே, அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நம்பிவிடலாம். இல்லை என்று சொல்ல இனி யாரும் இல்லை. எனக்குத்தான் நம்ப முடியவில்லை.