கத்தக் கூடாதுன்னு சொல்லிக் கொடுக்கற அக்கா

எங்க அக்காவுக்கு வேலையே, குழந்தைகள் காப்பகத்துல வேலை பாக்கறவங்களுக்குக் கத்தாம இருக்கறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கறதுதான். அடிதடியைப் பாத்து வளர்ந்த பிள்ளைங்க, திடீர்னு யாரையோ இழந்த பிள்ளைங்க, இவங்ககிட்ட எப்படிப் பேசணும், எப்படித் தொடணும், எல்லாம் அவ வகுப்புல உண்டு. அப்படிப்பட்டவ காலையில வீட்டுல சீப்பு காணோம்னா போடற சத்தத்துல எதிர்வீட்டு நாய் எழுந்து உக்காந்துக்கும். ஊருக்குத்தான் உபதேசம்.

கல்யாணம் சரிப்படாம பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தவ, எங்க வீட்டுலயே தங்கிட்டா. பெட்டி ஒண்ணா இருந்தா பரவால்ல. சுவர் பூரா அவளோட படங்கள், கட்டிலுக்கு அடியில வகுப்புக்குன்னு ஒரு மூட்டை கரடி பொம்மை. அவ வாயைத் திறந்தா என் வீட்டுக்காரர் பேப்பரை விரிச்சு முகத்தை மூடிக்குவார். கொடுத்து வச்சவர், எனக்குப் பேப்பரும் கிடையாது.

சொல்லாம விட்டா பாவம், அதனால சொல்றேன். அம்மா போனதும் என்னை வளர்த்தது இவதான். அப்பா வாயைத் திறந்தா திட்டு, கையைத் தூக்கினா அடி. எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினது அக்கா. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு, அது வேற விஷயம். அப்புறம் காப்பகத்துல பெருக்கற வேலைக்குச் சேர்ந்து, தபால்ல படிச்சு, இன்னைக்கு நாலு பேருக்கு முன்னால நின்னு பேசறா. கெட்டிக்காரிதான். கூட இருந்து பாத்தாத்தான் தெரியும் அந்தக் கெட்டிக்காரத்தனம்.

நானும் பகல்ல பிள்ளைங்களைப் பாத்துக்கற ஒரு காப்பகத்துலதான் வேலை பாக்கறேன். போன மாசம் அங்க நாலு வயசுல ஒரு பொண்ணு வந்து சேர்ந்தது. சேர்ந்த வாரமே சமையல்காரம்மா உட்பட எல்லாரையும் கடிச்சு வச்சதால அதுக்கு நாங்க வச்ச பேரு குட்டிப்பல். அப்பன் அடிச்ச அடியில அம்மாக்காரி ஆஸ்பத்திரியில கிடக்கா. பிள்ளை சித்திகிட்ட. சித்திக்குத் துணி தைக்கற கம்பெனியில வேலை. நாங்க வச்சுக்க மாட்டோம்னா சித்தி வேலையை விடணும், இல்ல பிள்ளையை ஏதாவது இல்லத்துல கொண்டுபோய் விடணும். மத்த பிள்ளைங்களோட அம்மாக்கள் வாசல்லயே காப்பகம் நடத்தற மேடத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. மேடம் என்னைக் கூப்பிட்டாங்க.

"உங்க அக்காவை வரச் சொல்லுங்க. எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கட்டும். அந்தப் பிள்ளையை வச்சுச் சமாளிக்க முடியும்னு அவங்க சொன்னா வச்சுக்கலாம். முடியாதுன்னா வெள்ளிக்கிழமையோட அனுப்பிடறேன். என்னால ஆகாது."

ஆக, வீட்டுல கேக்கற கச்சேரியை வேலையிலயும் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு.

காப்பகத்தை ஒரு நாள் மூட மேடத்துக்கு மனசு வரல. வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் பிள்ளைங்க மதியம் தூங்கற நேரத்துலதான் வகுப்பு. நாங்க மூச்சு விடறதே அந்த நேரத்துலதான், அதுக்கும் வேட்டு. உக்கார்றதுக்குப் பிள்ளைங்க நாற்காலி. சமையல்காரம்மா எந்திரிச்சா நாற்காலியும் கூடவே எந்திரிக்குது. அக்கா முன்னால நின்னு தேன் ஒழுகப் பேசறா.

"பின்னாலேர்ந்து பிள்ளையைத் தொடாதீங்க. முன்னாடி வாங்க, குனிஞ்சு உக்காருங்க, 'தூக்கட்டுமா'ன்னு கேட்டுட்டுத் தூக்குங்க. அடி வாங்கின பிள்ளைக்குப் பின்னாலேர்ந்து வர்ற கை எல்லாமே அடிக்கற கைதான்."

இந்தக் குரலை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தான்னு எனக்கு எரிச்சலா வந்தது.

"ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருந்தா சோறு எப்பம்மா போடறது?"ன்னாங்க சமையல்காரம்மா.

"நல்ல கேள்வி"ன்னா அக்கா. அவ நல்ல கேள்வின்னு சொன்னா பதில் தெரியலைன்னு அர்த்தம்.

குட்டிப்பல் மதியம் தூங்காது. எங்க அறையிலயே ஒரு மூலையில உக்காந்து அக்கா கொண்டு வந்த கரடி பொம்மை வயித்துலேர்ந்து பஞ்சைப் பிடுங்கிக்கிட்டிருக்கும். கடைசி நாள் வகுப்பு நடக்கும்போதே சமையல்காரம்மா கொதிக்கக் கொதிக்க டீயைக் கொண்டு வந்து ஜன்னலோர மேசையில வச்சாங்க. அக்கா பேச்சுல எல்லாரும் சொக்கிப் போயிருந்தோம். தூக்கம்தான், வேற என்ன. நான் திரும்பிப் பாக்கறேன், குட்டிப்பல் நாற்காலி மேல ஏறி டீப் பாத்திரத்துக்குக் கையை நீட்டுது. நான் எந்திரிக்கறதுக்குள்ள அக்கா பாஞ்சா. பின்னாலேர்ந்து இடுப்போட சேர்த்து அள்ளித் தூக்கினா. அவ்வளவுதான், பல்லு கையில இறங்கிடுச்சு.

"சனியனே, விடு கையை. அறிவிருக்கா உனக்கு?"

வீட்டுக் குரல். பக்கத்து அறையில தூங்கின பிள்ளைங்க மொத்தமா எழுந்து அழ ஆரம்பிச்சதுங்க. சத்தம் கேட்டு மேடம் வாசல்ல வந்து நிக்கறாங்க. எனக்கு முதல்ல வந்தது சிரிப்பு, பொய் சொல்லல. குட்டிப்பல் மேசைக்கு அடியில புகுந்து ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டதைப் பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு. பிள்ளைக்கு இங்க இருந்த இடமும் போச்சுன்னு நினைச்சேன்.

அக்கா தரையில உக்காந்தா. கிட்டப் போகல. கையில ரத்தம் கசியுது, அதைத் துடைக்கக்கூட இல்ல.

"நான் கத்திட்டேன். பின்னாலேர்ந்து பிடிச்சுட்டேன். நீ பயந்துட்டே. தப்பு என்னோடது, உன்னோடது இல்ல. என்னை மன்னிச்சுடு."

தேன் குரலும் இல்ல, வீட்டுக் குரலும் இல்ல. அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே கிடையாது. ரொம்ப நேரம் கழிச்சு பிள்ளை தலையிலேர்ந்து ஒரு கையை எடுத்துட்டு, அக்கா கையில தான் கடிச்ச இடத்தைப் பாத்தது. வெளிய வரல.

மேடம் கேட்டாங்க, "சொல்லுங்க, முடியுமா, முடியாதா?"

"சொல்லிக் கொடுக்க வந்த நானே கத்திட்டேன். என்னை உக்கார வச்சு டீ கொடுக்கறீங்க. பயத்துல கடிச்ச பிள்ளையை வெளிய அனுப்புவீங்களா?"

மேடம் குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தாங்க. "இருக்கட்டும். ஆனா மாசாமாசம் நீங்க வந்து வகுப்பு எடுக்கணும்"னாங்க. பிள்ளைக்கு இடம் கிடைச்சது. எனக்கு மாசாமாசம் வேட்டு.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது அக்கா கையில கட்டு. சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல எனக்கு அவ்வளவு கோபம். அடக்கிப் பாத்தேன், முடியல.

"என்னைப் பாத்து எவ்வளவு கத்தியிருக்கே. சோறு சிந்தினா கத்தல், ரிப்பன் தொலைஞ்சா கத்தல். இன்னைக்கு அந்தப் பிள்ளைகிட்ட மன்னிச்சுடுன்னு சொன்னியே, அதை ஒரு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கியா?"

"நீ என்ன நாலு வயசுப் பிள்ளையா?"

"அப்ப எனக்கு ஆறு வயசு."

நாள் பூரா பேசறதுக்குச் சம்பளம் வாங்கறவ கட்டுப் போட்ட கையையே பாத்துக்கிட்டிருந்தா.

"எனக்குப் பதினாலுடி"ன்னா கடைசியில. "எனக்கு யார் சொன்னா?"

அவகிட்ட அதைச் சொல்லியிருக்க வேண்டிய அப்பாவும் இப்ப உயிரோட இல்ல.