தெலுங்குல பதில் சொன்ன ஊரு

எல்லை தாண்டி ஆந்திராவுல இருக்கற நகரிக்குப் பஸ் ஏறினா எனக்கு வாய் சும்மா இருக்காது. "நம்ம திருத்தணி ஆந்திராவுலயே இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"னு ஆரம்பிச்சுடுவேன். நெஜமாவே எங்க ஊரு கொஞ்ச வருஷம் அங்கதான் இருந்துச்சு. அப்புறம் கிராமம் கிராமமா எந்த பாஷை பேசறாங்கன்னு கணக்குப் பார்த்து, தமிழ்நாட்டுக்குக் குடுத்தாங்க. அது மட்டும் நடக்காம இருந்திருந்தா என் ரேஷன் கார்டு தெலுங்குல இருந்திருக்கும். மலைமேல அரோகரா சத்தம் மட்டும் மாறியிருக்காது. இப்படி நெனச்சுப் பார்க்கறதுல எனக்கு ஒரு குஷி.

என் பொண்டாட்டிக்கு அது குஷி இல்ல. அவ பொறந்தது எல்லைக்கு அந்தாண்ட, பஸ்ஸுல அரை மணி நேரம். தமிழ்லயே படிச்சவ. தமிழ் டீச்சராகணும்னு ஆறு வருஷமா பரீட்சைக்குப் படிச்சுகினு இருக்கா. இந்த வாட்டி சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். கல்யாணம் பண்ணி இங்க வந்தாலும் அப்பா ஊரு எந்த மாநிலமோ அந்தக் கணக்குதானாம். ஒதுக்கீடு கெடையாது, பொதுவுல எழுதணும், கூடுதலா மார்க்கு வாங்கணும். வீட்டுக்கு வந்ததும் அவ திரும்பவும் புத்தகத்தை எடுத்து வெச்சுகினா.

அவ ஊரு மட்டும் ஏன் அந்தாண்ட நின்னுச்சு? மண்டைக்குள்ள இதே கொடைச்சல். ஞாயித்துக்கெழம நேரா மாமனார்கிட்ட போய் உட்கார்ந்துட்டேன்.

"வீட்டுல எப்பவும் தமிழ்தானே மாமா?"

"ஆங், தமிழ்தான். ஆனா அப்போ கணக்கெடுக்க வந்தவரு தெலுங்குக்காரராம். எங்க தாத்தா அவருகிட்ட தெலுங்குலயே பேசி, மோர் குடுத்து அனுப்பினாராம். ஊரே அப்படித்தான். வந்தவங்க பாஷையில பேசறதுதானே மரியாதை?"

வந்தவரு வேற எதுவும் கேக்காம தெலுங்குன்னே எழுதிகினு போயிட்டாராம். நெஜமோ கதையோ, யார் கண்டா! எங்க ஊர்லயும் அதே மரியாதைதான். இப்பவும் கடையில ஒருத்தர் "ஏமண்டி"ன்னா நானும் தெலுங்குக்குத் தாவிடுவேன். அப்போ எங்க தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவரு தமிழ்க்காரரா இருந்திருப்பாரோ இன்னாவோ!

வீட்டுக்கு வந்ததும் வராததுமா அவகிட்ட கொட்டிட்டேன். "ஒங்க கொள்ளுத்தாத்தா ஊரே தமிழ்ல பேசியிருந்தா இந்நேரம் நீ டீச்சரு!"

அவ புத்தகத்துலேருந்து நிமிர்ந்தா. "ஆங், ஆயிருப்பேன். ஆனா இந்த வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். தமிழ்நாட்டுல குடுத்தா பொண்ணுக்கு வேலை கெடைக்கும்னுதானே எங்க நைனா ஒங்களைப் புடிச்சாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்யாணமாகி பதினோரு வருஷத்துல இதை யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. என்னைப் புடிச்சுப்போய்த்தான் குடுத்தாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்.

"ரெண்டுல எது நடந்திருக்கணும்னு தோணுது ஒனக்கு?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பரீட்சை முடியட்டுங்க, சொல்றேன்"னு பக்கத்தைத் திருப்பிட்டா.

பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. ரிசல்ட்டு இன்னும் வரல. அவளும் சொல்லல, எனக்கும் கேக்கத் தைரியம் வரல.