பத்து நாள் மூடி வைத்த பெட்டி

சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கம் ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்தக் கித்தாத் தோட்டத்தில் வெள்ளையம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ரப்பரைக் கித்தா என்பதும், ரப்பர்த் தொழிற்சாலையை ஸ்டோர் என்பதும் அந்தப் பக்கத்து வழக்கம். ஸ்டோரில் பதினொரு பெண்கள் ஜன்னலோரம் நின்று, புகைவீட்டிலிருந்து காய்ந்து வரும் ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தூசியோ கொப்புளமோ இருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டுத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தப் பதினொரு பேருக்கும் பொறுப்பு வெள்ளையம்மா.

பொறுப்பு என்றதும் வெளிக்காட்டுக் கங்காணிகளின் மிடுக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளிடம் இருந்ததெல்லாம் வாய்தான். அது யாரையும் விடாது. ஆனால் ஒரு ஷீட் கெட்டுப்போனால் அந்த வாய் கப்பென்று மூடிக்கொள்ளும். ஷீட்டை ஒரு கையில் எடுத்துக்கொள்வாள், அதைப் பிரித்த பெண்ணை மறு கையில் பிடித்துக்கொள்வாள், தப்பு எங்கே பிறந்ததோ அங்கேயே இழுத்துக்கொண்டு போவாள். பால் தொட்டியில் நுரையை வழிக்காமல் விட்டார்களா, ஷீட்டை அழுத்தும் உருளையில் மண் ஒட்டியிருந்ததா, புகைவீட்டில் நெருப்பு கூடிப்போனதா என்று இரண்டு பேருமாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். இப்படி நடந்து நடந்தே பதினொரு பேரும் ஸ்டோர் முழுவதையும் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி சோமசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத மனிதர். "வேலை நேரத்தில உலாத்திறியளோ?" என்று முதலில் முறைத்தார். மூன்றே மாதத்தில் கழிவு பாதியாகக் குறைந்ததும் முறைப்பதை நிறுத்திக்கொண்டார். பாராட்டவில்லை, பாராட்டுவது அவர் சம்பளத்தில் சேர்ந்ததல்ல.

அந்தப் பதினொரு பேரில் மூத்தவள் கருப்பாயி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம் வெள்ளையம்மா கப்பலில் வந்தபோது பக்கத்தில் படுத்து வந்தவள். வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டவளுக்குக் கஞ்சி ஊட்டியவளும் அவள்தான். அன்றிலிருந்து "அக்கா" என்று கூப்பிட்ட பழக்கம் மாறவில்லை. அக்காவுக்குப் புருஷனும் ஒரே பெண்ணும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மேட்டில் அடுத்தடுத்துப் புதைந்து கிடந்தார்கள். ஊரில் அவளுக்கென்று ஒரு ஈ காக்கை இல்லை.

முப்பதாம் வருஷ வாக்கில் கருப்பாயியின் கண்ணில் பூ விழ ஆரம்பித்தது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஷீட்டின் நிறம் தெரியும், அதிலுள்ள தூசி தெரியாது. வெள்ளையம்மா கவனித்துவிட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்று முதல் பக்கத்து ஜன்னல்காரி கிருஷ்ணம்மா, கருப்பாயி பிரித்த ஷீட்டுகளை அவளுக்குத் தெரியாமல் இன்னொரு தரம் பார்த்துவிடுவாள். தான் செய்வது அன்பு என்றே வெள்ளையம்மா நம்பினாள். அன்புதான், அதில் சந்தேகமில்லை.

அடுத்த வருஷம் கித்தா விலை விழுந்தது விழுந்ததுதான். பாதிக் காட்டைப் பால் சீவாமல் போட்டார்கள். ஆளைக் கணக்குப் பார்த்து ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணம்மா மூன்று நாள் காய்ச்சலில் படுக்க, அவள் வேலையையும் சேர்த்துச் செய்த அவசரத்தில் மற்றவர்கள் கருப்பாயியின் பெட்டியை மறந்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெட்டி சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தது. மூடியில் கருப்பாயியின் எண் ஒன்பது. உள்ளே ஷீட்டுக்கு ஷீட் மரப்பட்டைத் துகள்.

"துரை கப்பல் பட்டியலில இவவின்ர பேர் எழுதச் சொல்லிப்போட்டார்," என்றார் சோமசேகரம். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பன்னிரண்டு நாளில கப்பல். நான் என்ன செய்ய?"

"தப்பு என்னோடது ஐயா. அவங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும். நாங்கதான் மறைச்சு மறைச்சுப் பாத்துக்கிட்டோம்," என்றாள் வெள்ளையம்மா.

கருப்பாயி திரும்பினாள். கொட்டகையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"மறைச்சா பாத்தீங்க? எத்தன நாளா?" கருப்பாயி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நான் பிரிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே, அத்தனையும் நீங்க பிரிச்சதா? ஏண்டி வெள்ளையம்மா, ஒரு ஷீட்டு கெட்டா ஒவ்வொருத்தியயும் இழுத்துக்கிட்டு ஸ்டோரு பூரா சுத்துவியே. எங்கிட்ட ஒரு தடவ வந்து, கண்ணு எப்படி இருக்குக்கா, இனிமே என்ன செய்யலாம்னு கேட்டியா? உடைஞ்ச சட்டிய மூலையில சாத்தி வைக்கிற மாதிரி வச்சுட்டியே!"

வெள்ளையம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்: "இப்பக் கேக்குறேன்க்கா. உன்னால என்ன செய்ய முடியும்? சொல்லு."

கருப்பாயி தன் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். பிறகு, "ஈரம் தெரியும்," என்றாள்.

ஈரம்தான் அந்த ஸ்டோரின் தீராத தலைவலி. புகைவீட்டிலிருந்து இறக்கும்போது எல்லா ஷீட்டும் ஒன்றுபோலத் தேன் நிறத்தில் மின்னும். எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே துளி ஈரம் தங்கியிருந்தால் பெட்டிக்குள் எட்டு, பத்து நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். மழைக்காலம் தவறாமல் புகார் வரும், சோமசேகரம் தவறாமல் புகைவீட்டு மூர்த்தியைத் திட்டுவார்.

"தொட்டா விரலுக்குச் சில்லுன்னு இருக்கும். கண்ணு மங்க மங்க அது நல்லாத் தெரியுது. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

மூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "நேத்து எறக்கினதுல ஈரமா? அதெல்லாம் காஞ்சு கெடக்குது! வேணும்னா பாத்துக்கட்டும்."

சோமசேகரம் இருபது ஷீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். கருப்பாயி ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் மெதுவாக விரலை ஓட்டினாள். நாலை எடுத்துத் தனியே வைத்தாள். கிராணி அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; ஒரு குறையும் தெரியவில்லை. நாலின் மூலையிலும் கத்தரிக்கோலால் சின்ன வெட்டு வைத்து, மற்றவற்றோடு கலந்து பெட்டியில் அடுக்கி, ஆணி அடிக்கச் சொன்னார்.

"பத்து நாள் கழிச்சுத் திறந்து பாப்பம். இவ சொன்னது சரியெண்டால் துரையோட நான் கதைக்கிறன். பிழையெண்டால் என்னை ஒருத்தரும் கேக்கக் கூடாது."

பெட்டி அவருடைய மேசைக்குக் கீழேயே கிடந்தது. அந்தப் பத்து நாளும் வெள்ளையம்மா யாரையும் கிண்டல் செய்யவில்லை. கொட்டகைக்கே உடம்பு சரியில்லாதது போல இருந்தது. கருப்பாயி தன் இரண்டு சேலையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சாயங்காலமானால் மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். வெள்ளையம்மாவும் கூடப் போய், கொஞ்சம் தள்ளி உட்காருவாள். ஏழாம் நாள்தான் கருப்பாயி, "பக்கத்துல வாடி, எறும்பு கடிக்கப் போவுது," என்று பேசினாள்.

பத்தாம் நாள் காலை எல்லோரும் கூடிவிட்டார்கள். மூர்த்தியே ஆணியைப் பிடுங்கினான். சோமசேகரம் குனிந்து ஒவ்வொரு ஷீட்டாக எடுத்துத் திருப்பித் திருப்பி மேசைமேல் வைத்தார். கிருஷ்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள், கருப்பாயியைத் தவிர.

"என்ன ஆச்சு?" அவள் மேசைப் பக்கம் கையை நீட்டினாள். "யாராச்சும் சொல்லுங்களேன். எனக்குத் தெரியலயே."

வெள்ளையம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஆள்காட்டி விரலை எடுத்து மேசையிலிருந்த ஷீட்டின் மூலையில் வைத்தாள். விரல் முதலில் வெட்டைத் தொட்டது. அங்கிருந்து உள்ளே நகர்ந்து, மெத்தென்று பூத்திருந்த பூஞ்சணத்தில் நின்றது. அடுத்த ஷீட், அதிலும் வெட்டு, அதிலும் பூஞ்சணம். மூன்றாவது. நாலாவது.

கருப்பாயி விரலை எடுக்கவே இல்லை. பூ விழுந்த கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"பூஞ்சணம் பூத்தது ஐந்தாவது ஒண்டும் கிடக்கு," என்றார் சோமசேகரம். "அதில வெட்டில்லை. அது உனக்குத் தப்பிப்போச்சு." சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து பட்டியலை எடுத்தார், பேனாவை மையில் தொட்டு ஒரு பேரைக் குறுக்கே அடித்தார். "துரையோட நான் கதைக்கிறன். நாளைக்குத் தொடக்கம் நீ புகைவீட்டு வாசலில நில். உன்ர கை படாமல் ஒரு ஷீட்டும் வெளிய வரக் கூடாது."

பெண்கள் கத்திய கத்தலில் அவர் இன்னும் ஏதோ சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கருப்பாயி மட்டும் அந்தக் கூத்தில் சேரவில்லை. "ஒண்ணு விட்டுட்டேனா?" என்று முணுமுணுத்தாள். "எப்படி விட்டேன்? குடுங்க அத." ஐந்தாவது ஷீட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். ஒரு ஓரம் மற்றதைவிடத் தடித்திருந்தது, ஈரம் அங்கேதான் தங்கியிருக்கிறது. அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையால் துழாவி வெள்ளையம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாடி போவோம்," என்று உருளைப் பக்கமாக இழுத்தாள்.